கடிதத்துக்கு முன்னால் ஜாதகம்

கார்வேட்டிநகரம் மாதிரி ஓர் ஊரில் சிறு நிறுவனம் ஒன்று சொந்தப் பெயரில் மின்னஞ்சல் வைத்துக்கொள்ள மாதம் சில நூறு ரூபாய் போதும். அந்த வாடகைக்குக் கிடைப்பது எங்கோ ஒரு சர்வரில் ஒண்டுக்குடித்தனம். நூற்றுக்கணக்கான குடித்தனக்காரர்களுக்குப் பொதுவாக ஒரே ஐ.பி. எண். அவர்களில் எவரோ ஒருவர் லேகிய விளம்பரத்தை லட்சக்கணக்கில் அனுப்பித் தொலைத்தால், பெங்களூருக்கு அனுப்பிய விலைப்பட்டியல் மறுநாள் திரும்பி வரும். சில சமயம் திரும்பிக்கூட வராது. குப்பைப் பெட்டியில் கிடக்கும். அனுப்பியவரோ ஆர்டர் கைநழுவியதற்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

காரணம், கறுப்புப் பட்டியல். கடிதத்தைப் பிரிக்கும் முன்பே அதைக் கொண்டுவந்த சர்வரின் நடத்தையை விசாரிக்கும் இந்த முறையை 1997-இல் அமெரிக்கரான பால் விக்ஸி தொடங்கிவைத்தார். 1998-இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு ஆரம்பித்த ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பட்டியல்தான் இன்று பலருக்கும் வேதவாக்கு.

விசாரணை எளியது. கடிதத்தைப் பெறும் சர்வர், அனுப்பியவரின் ஐ.பி. எண்ணிலுள்ள நான்கு பகுதிகளையும் வரிசை மாற்றித் தலைகீழாக அடுக்கி, பட்டியல்காரரின் பெயரை ஒட்டி, டி.என்.எஸ். எனும் இணைய டைரக்டரியிடம் கேட்கிறது. 127.0.0.2 என்பது போன்ற பதில் வந்தால் ஆசாமி பட்டியலில் இருக்கிறார். 'அப்படியொரு பெயரே இல்லை' என்று வந்தால் உள்ளே விடலாம். எல்லாம் ஒரு நொடிக்குள்.

இந்தியாவுக்கு இதில் நல்ல பெயர் கிடையாது. 2012-இன் முதல் காலாண்டில் குப்பை அஞ்சல் கிளம்பும் நாடுகளில் இந்தியாவே முதலிடம் என்றது சோஃபோஸ் நிறுவனம். வைரஸ் தொற்றிய கணினிகள், சொந்தக்காரருக்கே தெரியாமல் செய்த கைங்கரியம் அது. சட்டமும் கைகொடுக்கவில்லை. தொல்லை தரும் மின்னஞ்சலைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவு பேச்சுரிமையை நசுக்குகிறது என்று 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, சரியான தீர்ப்புதான். அமெரிக்காவில் 2003-இல் வந்தது போன்ற தனிச் சட்டம் இங்கு இல்லை. ஆகவே காவல் வேலை தனியார் பட்டியல்களின் கையில்.

பட்டியல்காரரை யார் கேட்பது? தன்னைப் பட்டியலில் சேர்த்ததற்காக ஈ360 என்ற அமெரிக்க விளம்பர நிறுவனம் ஸ்பாம்ஹாஸ்மீது வழக்குப் போட்டது. எதிர்த் தரப்பு வாதாட வராததால் 2006-இல் 1.17 கோடி டாலர் நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பானது. இழந்ததை நிரூபிக்க முடியாமல் போகவே, 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 3 டாலராக்கியது!

கண்மூடித்தனமான வடிகட்டல் என்ன செய்யும் என்பதை எஸ்.எம்.எஸ். காட்டியது. பதிவு செய்யாத வணிகச் செய்திகளை 2021 மார்ச் 8-இல் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்கத் தொடங்க, வங்கிகளின் ஓ.டி.பி.யும் சேர்ந்து நின்றது. டிராய் ஒரு வாரத்துக்குத் தடையைத் தள்ளிவைத்தது.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் பிடியை இறுக்கின. மொத்தமாக அனுப்புகிறவர்களைப் பற்றிய 'இது குப்பை' புகார் ஆயிரத்துக்கு மூன்றைத் தொடக்கூடாது.

பட்டியலிலிருந்து பெயரை நீக்க ஸ்பாம்ஹாஸ் காசு வாங்குவதில்லை. ஆனால் அதன் முக்கியப் பட்டியலில் நீக்கச் சொல்லிக் கேட்கவேண்டியவர் சர்வர்காரர், குடித்தனக்காரர் அல்ல. லேகியக்காரரைக் காலி செய்யவேண்டியவரும் அவரே. லேகியக்காரரும் மாதாமாதம் வாடகை கட்டுகிறவர்தான்.