உயிரணுச் சவ்வும் உப்புச் சர்க்கரை நீரும்

உயிரணு ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வொன்று சூழ்ந்துள்ளது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஈரடுக்காய் அமைந்த கொழுப்பும், அதனிடையே பதிந்த புரதங்களுமே அச்சவ்வு. ஆக்ஸிஜனும் கரியமிலவாயுவும் கொழுப்பைத் தாமே ஊடுருவும். உப்பும் சர்க்கரையும் அங்ஙனம் செல்லமாட்டா. அவற்றுக்குப் புரதங்களே வாயில். தண்ணீரோ, கரைபொருள் குறைந்த பக்கத்தினின்று மிகுந்த பக்கத்திற்குச் செல்லும். இதுவே சவ்வூடு பரவல். உலர்ந்த திராட்சையை நீரிலிட்டு, அது பருப்பதை வகுப்பில் காட்டலாம். (திராட்சையின் தோல் உயிரணுச் சவ்வு அன்று என்பதையும் உடன் கூறிவிடுதல் நன்று.)

சிறுகுடலின் சுவரில் விந்தையான வாயில் ஒன்று உண்டு. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளூக்கோஸ் மூலக்கூறும் சேர்ந்து வந்தாலே அது உள்ளே விடும். உயிரணுவின் மறுபுறத்திலுள்ள மற்றொரு புரதம், ஆற்றலைச் செலவிட்டுச் சோடியத்தை ஓயாது வெளியேற்றுகிறது. ஆகவே உள்ளே சோடியம் குறைந்தே இருக்கும். வெளியிலுள்ள சோடியம் உட்புக முனையும். குளூக்கோஸையும் உடனிழுத்துச் செல்லும். தண்ணீரும் பின்தொடரும். இவ்விணைப்பை ராபர்ட் கிரேன் 1960-இல் பிராகா நகரில் எடுத்துரைத்தார்.

காலராக் கிருமியின் நஞ்சு, குளோரைடைக் குடலுக்குள் பெருக்கெடுக்கச் செய்கிறது. சோடியமும் நீரும் அதனுடன் வெளியேறுகின்றன. அப்போது வெறும் உப்புநீரைக் குடிப்பதால் பயன் சிறிதே. ஆனால் மேற்சொன்ன இணைவாயிலை நஞ்சு கெடுப்பதில்லை. நோயாளியின் உயிர் இந்த ஒரு செய்தியைப் பற்றியே நிற்கிறது எனலாம். 1971-இல் மேற்கு வங்கத்துப் பன்காவ் நகரில், கிழக்கு வங்க அகதிகளிடையே காலரா பரவி, நரம்பு வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோகும் நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளூக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரைக் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு 30 அளவிலிருந்த சாவு, அந்நீரைப் பெற்றோரிடையே 4-க்கும் கீழே இறங்கியது.

2002-இல் உலக சுகாதார நிறுவனம் திருத்தியமைத்த கலவையில், ஒரு லிட்டருக்குக் குளூக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. இனிப்பு மிகுந்தால் குழந்தை விரும்பிக் குடிக்குமென்று தாய்மார் சர்க்கரையைக் கூட்டுவதுண்டு. அது தீங்கே. மிகுந்த சர்க்கரை, சவ்வூடு பரவலால் உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை வளர்க்கும். உறையில் குறித்த அளவு தூய நீரை அளந்தே கலத்தல் வேண்டும். 24 மணி கடந்ததைக் கொட்டிவிட வேண்டும். குடிக்கவியலாது சோர்ந்தவர்களை மட்டும் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புக.