"இண்டைக்கு என்ன சமைக்கிறது?" - ஒஸ்லோ வீடுகளின் ஐந்து மணிக் கேள்வி

பின்னேரம் நாலரை மணி. வேலை முடிந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்து ஏ.கே.எஸ்.சில் இருந்து கூட்டிக்கொண்டு ரயிலில் வீடு திரும்பும்போதே அந்தக் கேள்வி மண்டைக்குள் தொடங்கிவிடும். "இண்டைக்கு என்ன சமைக்கிறது?" கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்ற முதலே பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்கும்: "அம்மா, இண்டைக்கும் சோறும் கோழியுமோ?"

விடை தெரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய சட்டியில் வைத்த கோழிக்கறி இருக்கிறது. சோறு குக்கரில் தானே அவியும். புதன்கிழமை மட்டும் அது ஓடும். வியாழக்கிழமை பிள்ளை முகத்தைச் சுழிக்க, பிறீசரில் இருந்து ஒரு கிராந்தியோசா பீட்சா அவனுக்கு வெளியே வரும். பெரியவர்களுக்கு மிச்சக் கறி. ஸ்தோவ்னர், ரொம்மன், பூருசெத் என்று எங்கட சனம் இருக்கிற பகுதிகளில் பல வீடுகளின் கிழமை இப்படித்தான் போகிறது.

இதைச் சோம்பல் என்று சொல்லுகிறவர்களுக்கு இந்த நாட்டு வேலைநாள் தெரியாது என்றுதான் அர்த்தம். தாயும் வேலை, தகப்பனும் வேலை. ஒருவருக்குப் பகல் என்றால் மற்றவருக்குப் பின்னேர முறை. நடுவில் பிள்ளையின் உதைபந்தாட்டம், நடன வகுப்பு, வார இறுதியில் தமிழ்ப் பள்ளி. இவ்வளவுக்கும் இடையில் சமைத்த சாப்பாடு மேசைக்கு வருவதே பெரிய விசயம்.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஊரில் எங்கட அம்மாமார் இதைவிடக் குறைந்த வசதியோடு, குக்கரும் பிறீசரும் இல்லாமல், எப்படி ஒவ்வொரு நாளும் வேறு வேறு சாப்பாடு தந்தார்கள்?

ஒரு நாளுக்குள் இருந்த வித்தியாசம்

யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் காலமை இடியப்பமும் சொதியும், அல்லது பாணும் சம்பலும். மத்தியானம் சோறு, ஒரு பருப்பு, ஒரு வறை, ஒரு மீன்குழம்பு. இரவில் புட்டு, தோசை, ரொட்டி என்று ஏதோ ஒரு மாச்சாப்பாடு. சோறு ஒருநேரம்தான். அடுத்த நாளும் இதே ஒழுங்குதான் வரும். ஆனாலும் அலுக்காது. ஏனென்றால் வித்தியாசம் ஒரு நாளுக்குள்ளேயே இருந்தது.

நோர்வேக்கு வந்ததும் என்ன நடந்தது? காலமை பாண் துண்டும் சீஸும், அல்லது ஒன்றுமே இல்லை. மத்தியானம் பதினொன்றரைக்கு மாட்பாக்கெ, அதுவும் பாண்தான். சூடான சாப்பாடு பின்னேரம் ஒருநேரம் மட்டும். ஊரில் மத்தியானம் சாப்பிட்ட சோறு இங்கே இரவு நேரத்துக்குத் தள்ளப்பட்டது. இரவுக்கு இருந்த புட்டும் இடியப்பமும் இடமில்லாமல் சனி, ஞாயிறுக்குப் போய், பிறகு விருந்தினர் வரும் நாளுக்குப் போய்விட்டன.

அதாவது, மூன்று நேரத்தில் பரவியிருந்த சமையலை ஒரு நேரத்துக்குள் அடைத்துவிட்டோம். அந்த ஒரு நேரமும் ஒவ்வொரு நாளும் சோறு என்றால், பிள்ளைக்கு அலுப்பதில் வியப்பு இல்லை. ஊரில் ஒரு நாளுக்குள் இருந்த வித்தியாசத்தை, இங்கே ஒரு கிழமைக்குள் பரப்பி வைக்கவேண்டும். அதற்குத்தான் திட்டம் தேவைப்படுகிறது.

இது ருசியோடு முடிகிற பிரச்சினை இல்லை

ஒஸ்லோவில் வாழும் பாகிஸ்தானியர், இலங்கையர் ஆகியோரின் உணவுப் பழக்கம் புலம்பெயர்ந்த பின் எப்படி மாறியது என்று நோர்வேஜிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2008 இல் வெளியிட்டார்கள். இறைச்சி, பால், வெண்ணெய், எண்ணெய், உருளைக்கிழங்கு கூடியிருக்கின்றன. பருப்பும் பயறு வகைகளும் குறைந்திருக்கின்றன என்பது அவர்கள் கண்டது. எங்கட கிழமையைப் பார்த்தால் இதை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடத் தேவையில்லை. ஞாயிறு கோழி, திங்கள் அதே கோழி, செவ்வாய் முட்டைப்பொரியல். பருப்பு எங்கே?

இரண்டாவது செய்தி இன்னும் கடுமையானது. 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒஸ்லோவில் 30 முதல் 60 வயது வரையான இலங்கையர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அதே வயது நோர்வேஜியரோடு பார்த்தால் இது பல மடங்கு. பரம்பரை, உடலுழைப்புக் குறைவு, இடுப்புச் சுற்றளவு என்று காரணங்கள் பல. சோற்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை. ஆனால் நாள் முழுக்கப் பாணோடு சமாளித்து, இரவு எட்டரைக்குப் பசியோடு ஒரு கோப்பை நிறையச் சோறு சாப்பிட்டுப் படுக்கிற பழக்கம் எங்களுக்கு உதவவில்லை என்பதை எந்த வைத்தியரும் சொல்லுவார்.

நோர்டிக் நாடுகளின் 2023 உணவுப் பரிந்துரை, கிழமைக்கு 300 முதல் 450 கிராம் வரை மீன் சாப்பிடச் சொல்கிறது. அதில் 200 கிராமாவது கொழுப்புள்ள மீனாக இருக்கவேண்டும். சிவப்பு இறைச்சி 350 கிராமுக்கு மேல் வேண்டாம். பருப்பு வகைகளையும் முழுத்தானியத்தையும் கூட்டுங்கள் என்கிறது. 2024 இல் நோர்வேயின் சுகாதார இயக்ககம் வெளியிட்ட புதிய ஆலோசனையும் இதே வழிதான். எனக்கு இதை வாசித்தபோது ஆச்சியின் அடுப்படிதான் ஞாபகம் வந்தது. மீன், பருப்பு, கீரை, குரக்கன், எப்பவாவது ஆட்டிறைச்சி. நாங்கள் விட்டுவிட்டு வந்ததைத்தான் இவர்கள் இப்போது பரிந்துரைக்கிறார்கள்.

நோர்வேகாரரின் கிழமை

நோர்வேகாரரைப் பார்த்து "அவைக்குச் சாப்பாட்டில ருசி தெரியாது" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். ஆனால் ஒரு விசயம் அவர்களிடம் உண்டு. அவர்களுடைய கிழமைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை டாக்கோ. சனிக்கிழமை பால்கஞ்சி போன்ற அரிசிக் குரோத். ஞாயிறு ஆறுதலான பெரிய சாப்பாடு. செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை ஃபோரிகோல் நாள். ஆட்டிறைச்சியும் கோவாவும் மிளகும் போட்டு அவிக்கிற, 1972 இல் வானொலி நேயர்கள் தேசிய உணவாகத் தெரிந்த அதே சாப்பாடு. அந்த நாளுக்கு என்ன என்று முழு நாட்டுக்கும் தெரியும். ஒருவரும் மண்டையைப் போட்டு உடைப்பதில்லை.

எங்களுக்கும் இது புதிதில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி என்பது சைவ வீடுகளில் எழுதாத சட்டம். நாளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தால் யோசனை பாதியாகும் என்று எங்கட ஆட்களும் தெரிந்துதான் வைத்திருந்தார்கள்.

ஐந்து நாள், ஐந்து வகை

ஆகவே கறிகளின் பெயரை எழுதி வைக்காமல், நாளுக்கு ஒரு வகையை மட்டும் எழுதுங்கள். கறி அந்தந்தக் கிழமைக் கையிருப்பைப் பார்த்து மாறட்டும். எங்கட வீட்டில் நிலைத்து நிற்கிற ஒழுங்கு இது.

திங்கள், பருப்பு நாள். மைசூர்ப் பருப்பை ஊறவைக்கத் தேவையில்லை, இருபது நிமிடத்தில் அவிந்துவிடும். அது அவியும் நேரத்தில் ஒரு கோவா வறையோ கீரையோ முடியும். செப்டம்பரில் ஃபோரிகோலுக்காகக் கடைகளில் கோவா மலிவாகக் கிடக்கும். அந்த மாதம் கோவா வறை அடிக்கடி வரும். ஒருவரும் குறை சொன்னதில்லை.

செவ்வாய், மீன் நாள். எண்பதுகளில் இங்கு வந்த எங்கட ஆட்களில் பலர் வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் தொர்ஸ்க் மீனை வெட்டி வெட்டியே குடும்பங்களை நிமிர்த்தியவர்கள். ஆனால் அந்த மீன் எங்கட சட்டிக்குள் வந்தது குறைவு. "மணமில்லாத மீன்" என்று ஒதுக்கிவிட்டு, தமிழ்க் கடையில் உறைந்த பாரையைத் தேடுகிறோம். தொர்ஸ்க் சொதிக்கு நல்ல மீன். கடைசி ஐந்து நிமிடத்தில் போடவேண்டும், இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும். அதைவிட மலிவான ஸெய் மீனின் சதை இறுக்கம், புளிக்குழம்பைத் தாங்கும். கொழுப்புள்ள மீனுக்கு மக்ரெல் இருக்கிறது, சால்மன் இருக்கிறது. சால்மன் துண்டில் தூளும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டி அவணுக்குள் வைத்தால் கால் மணித்தியாலத்தில் சாப்பாடு.

புதன், சோறில்லாத நாள். முழுக்கோதுமை மாவில் புட்டு, அல்லது இடியப்பம், தோசை, ரொட்டி. கூட ஒரு முட்டைக்குழம்போ கடலைக்கறியோ. தோசைக்கு ஒரு குறிப்பு: ஒஸ்லோக் குளிரில் மா புளிக்காது. அவணுக்குள் வைத்து, சூடாக்காமல் உள் விளக்கை மட்டும் எரியவிட்டால் விடியப் பொங்கியிருக்கும்.

வியாழன், பிள்ளைகளின் நாள். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வெள்ளி, மரக்கறி டாக்கோ. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் டாக்கோ பற்றிக் கதைக்கும்போது எங்கட பிள்ளை மட்டும் விலகி நிற்கத் தேவையில்லை. அரைத்த இறைச்சிக்குப் பதிலாகச் சிவப்புப் போஞ்சி விதையை வெங்காயம், சீரகம், தூள் போட்டுப் பிரட்டுங்கள். சல்சாவுக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சம்பலையும் வையுங்கள். அம்மம்மாவின் விரதமும் பேரனின் டாக்கோவும் ஒரே மேசையில் முடியும்.

கோழியும் ஆடும் எங்கே என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். கிழமையில் ஒருநாள் வந்தால் அதற்கும் மரியாதை கூடும். ஆனால் ஞாயிறு ஐந்து நாளுக்கும் கறி வைத்து அடுக்காதீர்கள். அடித்தளத்தை மட்டும் செய்யுங்கள்: வெங்காயமும் தக்காளியும் வதக்கி ஒரு போத்தல், தேங்காய்ப்பூ ஒரு பெட்டி, அவித்த கடலை ஒரு பெட்டி. அதே வதக்கல் திங்கள் பருப்புக்கும், செவ்வாய் குழம்புக்கும், வெள்ளி டாக்கோவுக்கும் போகும். ஞாயிறு கடைகள் பூட்டு என்பதால் சனிக்கிழமையே பட்டியலோடு போய் வாங்கிவிடவேண்டும். பட்டியல் இல்லாமல், பசியோடு, பின்னேரம் ஐந்து மணிக்குக் கடைக்குள் போகிறவரின் கூடையில் பீட்சாதான் விழும்.

நேரத்தையும் கொஞ்சம் முன்னுக்கு இழுக்கலாம். நோர்வேகாரர் பின்னேரம் ஐந்து மணிக்குள் மிட்டாக் முடித்துவிடுவார்கள். எங்கட பிள்ளை அந்த நேரம் பசியில் பாணும் பிஸ்கட்டும் தின்றுவிட்டு, எட்டு மணிக்குச் சோற்றைக் கண்டதும் "வேண்டாம்" என்கும். பிறகு ஏச்சு, அழுகை. ஆறு மணிக்குச் சாப்பாடு வந்தால் இந்தச் சண்டையில் பாதி நடக்காது.

யோசிக்கிறது யார்?

இனி முக்கியமான விசயம். அடுப்பில் நிற்கிற நேரத்தை விடக் களைப்பானது, என்ன சமைப்பது என்று நாள் முழுக்க யோசிக்கிறது. அந்த வேலைக்கு மணித்தியாலக் கணக்கு இல்லை. எங்கட வீடுகளில் அதை இன்றைக்கும் அம்மாதான் தனியே சுமக்கிறார். "நானும் உதவி செய்யிறன்தானே" என்று சொல்கிற அப்பாமார் பலர் உண்டு. "என்ன செய்யவேணும் எண்டு சொல்லு, செய்யிறன்" என்பார்கள். சொல்லுகிற வேலையே பெரிய வேலை, அதுதான் அவர்களுக்கு விளங்குவதில்லை.

நாளுக்கு ஒரு வகை என்று பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினால், அந்த யோசனை அம்மாவின் தலைக்குள் இருந்து வெளியே வந்து எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும். செவ்வாய் அப்பாவின் நாள் என்றால், மீனைத் திங்கள் இரவே பிறீசரில் இருந்து எடுத்து வைப்பதும் அவர் பொறுப்புத்தான். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை.

வியாழன் பிள்ளைகளுக்கு. நோர்வேப் பள்ளிகளில் "மாட் ஓக் ஹெல்சே" என்று ஒரு பாடம் இருக்கிறது, சாப்பாடும் உடல்நலமும். ஆணும் பெண்ணும் சேர்ந்து வெட்டி, சமைத்து, கழுவித் துடைக்கப் பழகுகிறார்கள். பள்ளியில் மீன்கேக் செய்யத் தெரிந்த மகன் வீட்டில் கோப்பையைக்கூட எடுத்து வைப்பதில்லை என்றால், அது நாங்கள் கொடுத்த செல்லம். அவனே சமைக்கட்டும். பாஸ்தா என்றாலும் பரவாயில்லை, சூப் என்றாலும் பரவாயில்லை. அவன் சமைத்ததை ஒருவர் முகம் சுழித்தால் எப்படி இருக்கும் என்பதும் அன்றைக்கு அவனுக்கு விளங்கும்.

எல்லா வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தாது. இரவு முறை வேலை செய்கிறவர்களுக்கு நாட்கள் மாறும். திடீரென்று விருந்தினர் வருவார்கள். எங்கட வீடு என்றால் வரத்தான் வேண்டும். அதற்காகத் தாளில் ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். ஒரு கிழமை குழம்பினால் அடுத்த கிழமை திரும்பத் தொடங்கலாம்.

இன்னும் இருபது வருடத்தில் இந்தப் பிள்ளைகள் தங்கள் வீடுகளில் அடுப்பு மூட்டுவார்கள். அப்போது "எங்கட சாப்பாடு" என்றால் அவர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மைக்ரோவேவில் சூடாக்கிய மூன்றாம் நாள் கோழிக்கறியா, அல்லது தாங்களே குழைத்த புட்டும், அப்பா வைத்த தொர்ஸ்க் சொதியுமா? தமிழ்ப் பள்ளியில் எழுத்தைப் படிப்பிக்கலாம். சொதியின் பதத்தை வீட்டில்தான் படிப்பிக்கலாம், அதுவும் வேலைநாள் பின்னேரத்தில்.

இந்தச் சனிக்கிழமை கடைக்குப் போக முதல் ஒரு தாளும் பேனாவும் எடுத்து, வீட்டில் எல்லாரையும் மேசைக்குக் கூப்பிடுங்கள். ஐந்து வரி போதும்.