சுவரில் ஏறும் ஓதமும் மூச்சிரைப்பும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், ஆஸ்துமாவுக்காக எங்கள் நுரையீரல் பிரிவுக்கு வருவோரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டுச் சுவரில் ஓதம் இருக்கிறதா?" பழைய செங்கல் வீடுகளில் வசிப்போர் பலர் 'ஆம்' என்கின்றனர். அண்மையில் ஒரு தாய், சுவரின் அடிப்பகுதியில் துளையிட்டு இரசாயனம் செலுத்தப் பெருந்தொகை செலவிட்ட பின்னரும் தம் மகனின் இரவு இருமல் குறையவில்லை என்று வருந்தினார். கைப்பேசியில் அவர் காட்டிய படத்தில், கரும்பூஞ்சை சுவரின் அடியில் இல்லை. மேற்கூரையை ஒட்டிய மூலையில் இருந்தது. செலவிட்டும் பயன் கிட்டாததன் காரணம், கட்டட வல்லுநரிடையே நெடுங்காலமாக நிலவும் ஒரு விவாதத்தோடு தொடர்புடையது.

செங்கல்லிலும் சாந்திலும் நுண்துளைகள் உள்ளன. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, அவை மண்ணிலுள்ள நீரை மேல்நோக்கி இழுக்கக்கூடும். இதுவே 'ஏறும் ஓதம்' எனப்படுகிறது. ஏறும் நீர் ஒருபுறம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், அது வழக்கமாக மூன்று நான்கு அடி உயரத்தைத் தாண்டுவதில்லை. நீருடன் வந்த உப்புகள் அந்த எல்லையில் வெண்மையாகப் பூத்து நிற்கும். இதைத் தடுக்க அடித்தளத்துக்கு மேல் நீர் புகாத ஓர் அடுக்கு இடுவது இன்றைய வழக்கம். பிரிட்டனில் 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட கட்டட விதிகள் இவ்வடுக்கை வலியுறுத்தத் தொடங்கின. ஈரச் சுவர் உடல்நலத்தைப் பாதிக்கும் என்னும் கருத்து அன்றே வேரூன்றியிருந்தது.

இவ்வடுக்கு இல்லாத பழைய சுவர்களுக்கு இரசாயனம் செலுத்துவது, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டில் பெரிய தொழிலாக வளர்ந்தது. விவாதமும் உடன் வளர்ந்தது. கொத்தனாராகவும் விரிவுரையாளராகவும் பணியாற்றிய ஜெஃப் ஹவல், செங்கல் தூண்களை நீரில் நிறுத்திச் சோதித்துப் பார்த்தார். ஏறும் ஓதம் என்பது பெரும்பாலும் கட்டுக்கதையே என 2008இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். ஓதம் ஏறுவது உண்மையே, ஆய்வுகளில் அது காணப்பட்டுள்ளது என்று மற்றொரு தரப்பினர் மறுத்தனர். 2022இல் மரபுக் கட்டடப் பாதுகாப்பு அமைப்புகளும் ஓதத் தடுப்புத் தொழிலினரின் சங்கமும் இணைந்தே ஓர் அறிக்கை வெளியிட்டன. ஈரத்தின் காரணத்தை முழுமையாக ஆராய்ந்த பின்னரே சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

மருத்துவருக்கு இது புதிய பாடம் அன்று. காய்ச்சல் ஓர் அறிகுறி. அதுவே நோய் அன்று. ஓதமும் அவ்வாறே. சுவரில் ஊசிமுனைகளை வைத்து ஈரத்தை அளக்கும் மின்கருவி மரத்துக்காக அளவிடப்பட்டது; சுவரில் உப்பு இருந்தாலே அதன் எண் உயர்ந்துவிடும். கருவியின் எண்ணை மட்டும் நம்பி மருந்து எழுதுவது தகாது.

நம் ஊரின் பழைய வீடுகளில் வேறு காரணங்களைத் தேடுவது கடினமன்று. மீண்டும் மீண்டும் போடப்பட்டதால் தெருவின் மட்டம் வீட்டுத் தளத்தைவிட உயர்ந்திருக்கலாம். சுவரை ஒட்டிப் போட்ட சிமெண்ட் தரையில் மழைநீர் தெறிக்கலாம். குளியலறைக் குழாய் சுவருக்குள் கசியலாம். மொட்டை மாடியும் கைப்பிடிச் சுவரும் சேருமிடத்தில் விரிசல் விட்டிருக்கலாம். சுண்ணாம்புக் காரைச் சுவரின் மீது பூசிய சிமெண்ட், உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும் வழியை அடைத்திருக்கலாம். இவற்றுள் எதையும் இரசாயன ஊசி சரிசெய்யாது.

நுரையீரலுக்கு இவ்வேறுபாடு மிக முக்கியம். மண்ணிலிருந்து வரும் உப்புகள் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுப்பதால், உண்மையான ஏறும் ஓதம் உள்ள பகுதியில் கரும்பூஞ்சை அரிதாகவே படரும். எனவே கரும்பூஞ்சையைக் கண்டால் கசிவையோ காற்றோட்டக் குறைவையோ முதலில் ஐயுற வேண்டும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் சுவாசக் கோளாறுகளும் ஆஸ்துமா தொடர்பான தொல்லைகளும் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு மிகுந்து காணப்படுவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான ஒரு கணிப்பு கூறுகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் 2009இல் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது.

நோயாளிகளும் குடும்பத்தினரும் கருத்தில் கொள்ள வேண்டியவை:

1. ஈரம் எந்த உயரத்தில் உள்ளது, மழைக்குப் பின் மிகுகிறதா, ஆண்டு முழுதும் உள்ளதா எனக் குறித்து வையுங்கள். வெளியூரில் தங்கும் நாள்களில் மூச்சிரைப்பு குறைகிறதா என்பதையும் எங்களிடம் கூறுங்கள்.

2. ஓதத்தின் மேல் வண்ணம் பூசியோ பலகை அடித்தோ மறைக்காதீர்கள். கட்டிலையும் அலமாரியையும் ஈரச் சுவரிலிருந்து சற்று விலக்கி வையுங்கள்.

3. பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். துடைப்பவர் என்95 முகக்கவசம் அணிய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் அப்போது அவ்வறையில் இருத்தலாகாது.

4. பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிடையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதனால் எழும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்தானது.

5. வீட்டைப் பழுது பார்க்கிறோம் என்பதற்காக இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். அளவைக் குறைப்பது மருத்துவரின் முடிவாக இருக்கட்டும்.

கசிவை அடைத்த பின்னரும் சுவர் உடனே உலர்ந்துவிடாது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது நடைமுறைக் கணக்கு. முன்னர்க் குறிப்பிட்ட தாயின் வீட்டில், மொட்டை மாடியின் விரிசலே காரணம் எனக் கொத்தனார் கண்டறிந்து அடைத்துவிட்டார். சுவர் இன்னும் உலர்ந்துகொண்டிருக்கிறது. அதுவரை சிறுவன் வேறோர் அறையில் உறங்குகிறான்; இன்ஹேலரும் தொடர்கிறது.