மஸ்டாங்குக்குப் புதுக் கியர் லீவர்

மேனுவல் கியர் காரில் கையின் அசைவைக் கியர் பாக்ஸுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாகத்துக்கு ஷிஃப்டர் என்று பெயர். டிரைவர் கண்ணுக்குத் தெரிவது குமிழும் லீவரும் தோல் உறையும் மட்டும்தான். உறைக்குக் கீழே லீவரைத் தாங்கும் கிண்ணமும், அதை நடுவில் நிறுத்தும் ஸ்பிரிங்கும், கியர் பாக்ஸ் தண்டைப் பிடித்துத் தள்ளும் அடி நுனியும் சேர்ந்த ஒரு சின்ன இயந்திரம் இருக்கிறது. கம்பெனி பொருத்தி அனுப்பிய அந்த இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, வேறு தயாரிப்பாளர் தனியாக விற்கும் ஒன்றைப் பூட்டிக்கொள்வது அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களிடம் அறுபது வருடங்களுக்கு மேலாக உள்ள பழக்கம்.

1950-களின் அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றே கியர். லீவர் ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். நம் ஊரில் பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு அந்த அமைப்பு புதிதல்ல. முன் சீட்டில் மூன்று பேர் உட்கார அது வசதி. வேகமாகக் கியர் மாற்ற வசதியில்லை. நீளமான கம்பிகளும் மூட்டுகளும் வழியாகப் போகும் அசைவு, கியர் பாக்ஸைத் தொடும்போது பாதி தொலைந்திருக்கும். லீவரைத் தரைக்குக் கொண்டுவரும் உறுதியான ஷிஃப்டர்களைச் செய்து பெயர் வாங்கியவர் ஜார்ஜ் ஹர்ஸ்ட். பில் கேம்ப்பெல் என்பவருடன் சேர்ந்து 1958-ல் பென்சில்வேனியாவில் அவர் தொடங்கிய நிறுவனத்தின் ஷிஃப்டர், 1964-ல் பாண்டியாக் ஜி.டி.ஓ. காரில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. விபத்தில் நசுங்கிய காரைப் பிளந்து ஆளை மீட்கத் தீயணைப்புத் துறையினர் பயன்படுத்தும் ஹைட்ராலிக் கருவியும் இதே ஹர்ஸ்டின் பெயரில் வந்ததுதான்.

ஷிஃப்டர் மாற்றும் வேலையைப் புரிந்துகொள்ள ஏற்ற கார் 1979 முதல் 1993 வரை ஃபோர்டு தயாரித்த மஸ்டாங். அதன் அடிச்சட்டத்தின் பெயரை வைத்து ‘ஃபாக்ஸ்’ மஸ்டாங் என்று அதை அழைப்பார்கள். இதில் வந்த வி-8 எஞ்சினை ஐந்து லிட்டர் என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் அதன் கொள்ளளவு 4,942 சி.சி. 1987-ல் அதன் சக்தி 225 குதிரைத்திறனை எட்டியது. 1983 முதல் இந்த எஞ்சினோடு போர்க்-வார்னரின் டி-5 என்ற ஐந்து கியர் பெட்டி வந்தது. எஞ்சினைப் பாராட்டியவர்கள்கூடக் கம்பெனி ஷிஃப்டரைப் பற்றி முணுமுணுத்தார்கள். ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குக் கை போகிற தூரம் அதிகம். லீவரின் நடுவே இருக்கும் ரப்பரால் கியர் விழுந்ததா இல்லையா என்று கைக்கே சந்தேகம். ஆனால் அந்த ரப்பர் அறியாமையால் வைத்ததல்ல. எஞ்சின் அதிர்வும் பற்சக்கரங்களின் முனகலும் லீவர் வழியாக மேலே ஏறி வராமல் தடுப்பது அதுதான். தினமும் அலுவலகம் போகிறவர், வார இறுதியில் பந்தயத் தடத்துக்குப் போகிறவர் என இருவருக்கும் ஒரே காரை விற்க வேண்டிய கம்பெனி, முதலாமவர் பக்கம் சாய்ந்தது.

டி-5 பெட்டிக்குள் நடப்பது இதுதான். லீவரின் அடி நுனி, பெட்டியின் வால் பகுதியில் உள்ள ஒரு தண்டின் முனையில் பொருந்தியிருக்கும். லீவரைப் பக்கவாட்டில் நகர்த்தினால் தண்டு கொஞ்சம் திரும்பி, எந்த ஜோடிக் கியர் என்பதைத் தேர்ந்தெடுக்கும். முன்னும் பின்னும் தள்ளினால் தண்டும் முன்பின்னாக நகர்ந்து, ஷிஃப்ட் ஃபோர்க் எனப்படும் கவை வடிவப் பாகத்தைத் தள்ளும். ஃபோர்க் ஒரு வளையத்தைத் தள்ளும். அந்த வளையம் பற்சக்கரத்தோடு பூட்டிக்கொண்டால் கியர் விழுந்ததாக அர்த்தம். தண்டு நகர வேண்டிய தூரம் பெட்டிக்குள்ளேயே தீர்மானமாகிவிட்டது. அதை எந்த ஷிஃப்டராலும் மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது, அந்தத் தூரத்துக்காகக் கை எவ்வளவு போக வேண்டும் என்பதை மட்டுமே.

இது வெறும் நெம்புகோல் கணக்கு. ஆதாரப் புள்ளிக்கு மேலே லீவர் 240 மில்லிமீட்டர், கீழே 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் ஆறுக்கு ஒன்று. தண்டு 16 மில்லிமீட்டர் நகரக் குமிழ் 96 மில்லிமீட்டர் போக வேண்டும். ஆதாரப் புள்ளியை 10 மில்லிமீட்டர் உயர்த்தினால் மேலே 230, கீழே 50, விகிதம் 4.6 ஆகும். குமிழ் இப்போது 74 மில்லிமீட்டர் போனால் போதும். வீச்சில் கிட்டத்தட்ட கால் பங்கு மிச்சம். அந்த மிச்சம் இலவசமல்ல; தூரம் குறைந்த அதே விகிதத்தில் கை கொடுக்க வேண்டிய விசை கூடும். இந்தக் கணக்கில் அது சுமார் 30 சதவீதம். விளம்பரங்கள் முதல் எண்ணைப் பெரிதாகப் போடும். இரண்டாவது எண்ணைக் கை தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

லீவர் குட்டையாகிவிட்டால் கியர் பாக்ஸும் வேகமாகிவிடும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அது தவறு. ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பூட்ட முடியும். அந்த வேலையைச் செய்வது சிங்க்ரோனைசர் எனும் உராய்வு வளையம். அது எடுத்துக்கொள்ளும் நொடியின் சிறு பங்கு, லீவர் எவ்வளவு குட்டையானாலும் மாறாது. அவசரப்பட்டு அழுத்துகிறவரின் கை வலிமையை வாங்கிக்கொண்டு தேய்வது அந்த வளையம்தான்.

அப்படியானால் எதற்காக இந்தச் செலவு? நல்ல ஷிஃப்டரின் உண்மையான மதிப்பு வீச்சுக் குறைவில் இல்லை. அதன் அடித்தளத்தில் லீவருக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக நிற்கும் இரண்டு ஸ்டாப் போல்ட்டுகளில் இருக்கிறது. ஃபாக்ஸ் மஸ்டாங்கின் கம்பெனி ஷிஃப்டரில் இவை கிடையாது. கியர் முழுதாக விழுந்த பிறகும் கை தள்ளிக்கொண்டே இருந்தால், அந்த விசை முழுவதும் ஃபோர்க்கின் மேல் விழும். பந்தயப் பாணியில் ஆக்சிலரேட்டரை விடாமலே அறைந்து கியர் மாற்றுகிறவர்களின் கார்களில் ஃபோர்க் வளைவதற்கு இதுதான் காரணம். ஸ்டாப் போல்ட் சரியாக நின்றால், வளையம் பூட்டிய கணத்தில் லீவர் போல்ட்டில் முட்டிவிடும். மிச்ச விசையை ஷிஃப்டரின் உலோக அடித்தளம் வாங்கிக்கொள்ளும். (சிக்னலில் நிற்கும்போது கியர் லீவர் மேல் கையைப் போட்டுக்கொண்டிருப்பது பலருக்குப் பழக்கம். அந்தக் கையின் பாரமும் மெல்ல ஃபோர்க்கைத்தான் தேய்க்கிறது.)

ஷிஃப்டர் வாங்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். கியர் கஷ்டப்பட்டு விழுகிறதென்றால் குற்றம் ஷிஃப்டரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபாக்ஸ் மஸ்டாங்கின் கிளட்ச் கேபிளால் இயங்குவது. பெடலுக்கு மேலே கேபிளின் தளர்வைத் தானாகச் சரிசெய்யும் பிளாஸ்டிக் பல்வட்டு ஒன்று இருக்கிறது. அதன் பற்கள் தேய்ந்துவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிரியாது. முதல் கியரும் ரிவர்ஸும் முரண்டு பிடிக்கும். தேய்ந்த சிங்க்ரோனைசரும் கிட்டத்தட்ட இதே அறிகுறியைத்தான் காட்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் மறுத்தால் முதலில் கிளட்ச்சைச் சந்தேகிப்பது நல்லது.

மாற்றும் வேலை முழுவதையும் காருக்குள் உட்கார்ந்தே முடித்துவிடலாம். காரைத் தூக்க வேண்டியதில்லை. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹாண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் விட வேண்டும். குமிழைக் கழற்றி, கன்சோலின் மேல் தகட்டையும் தோல் உறையையும் எடுத்தால், லீவரின் மேல் பாதியைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட் தெரியும். அவற்றை எடுத்ததும் லீவர் கையோடு வந்துவிடும். அதன் கீழே, தரைத் தகட்டோடு திருகப்பட்ட ரப்பர் உறை. அதையும் எடுத்தால் கியர் பாக்ஸின் தலையில் நான்கு போல்ட்டால் பூட்டிய ஷிஃப்டர் அடித்தளம் வந்துவிடும்.

போல்ட்டுகளைக் கழற்றிய பிறகும் அடித்தளம் அசையாது. நடுவில் உள்ள சிலிக்கோன் பசை அதைப் பல வருடமாகக் கவ்விப் பிடித்திருக்கும். கீழே இருப்பது அலுமினியம் என்பதால் ஸ்க்ரூடிரைவரைச் செருகிப் பலமாக நெம்பினால் பரப்பில் பள்ளம் விழும். பிறகு அந்த இடத்தில் எண்ணெய் கசியும். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டிப் பசையை விடுவிப்பதே நல்ல முறை. திறந்ததும் முதல் வேலை, ஓட்டைக்குள் சுத்தமான துணியை அடைப்பது. பழைய பசையைச் சுரண்டும்போது அதன் துணுக்குகள் உள்ளே விழுந்தால் எடுப்பது கஷ்டம். 1985-க்குப் பிந்தைய மஸ்டாங்கின் டி-5, கெட்டியான கியர் ஆயிலில் ஓடுவதல்ல. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் மெல்லிய எண்ணெயில், அதுவும் மூன்று லிட்டருக்கும் குறைவான அளவில் ஓடுவது.

ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால், லீவரின் அடி நுனி பொருந்தும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும். பழைய கார்களில் அது உடைந்தோ தேய்ந்தோ கிடப்பது சகஜம். லீவர் தொளதொளவென்று ஆடுவதற்குப் பல சமயம் இந்தக் கிண்ணமே காரணம். விலை அற்பம், புதிதாகப் போட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவிவிட வேண்டும். அதை விட்டுவிட்டு விலை உயர்ந்த ஷிஃப்டரை மட்டும் பூட்டினால் பழைய ஆட்டம் புது லீவரிலும் தொடரும்.

புது அடித்தளத்துக்குப் பசையை மெல்லிய கோடாக, போல்ட் ஓட்டைகளைச் சுற்றி இழுத்தால் போதும். தாராளமாகப் பூசினால் பிதுங்கி உள்ளே போகும். ஸ்டாப் போல்ட் இரண்டையும் முன்கூட்டியே நன்றாகப் பின்னிழுத்துவிட்டு, அடி நுனி கிண்ணத்துக்குள் உட்கார்ந்ததைக் கையால் உணர்ந்த பிறகு அடித்தளத்தை இறக்க வேண்டும். நான்கு போல்ட்டையும் முதலில் விரலால் ஓட்டி, பிறகு எதிரெதிராக, புது ஷிஃப்டரோடு வரும் தாளில் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்க வேண்டும். அலுமினிய மறை கழன்றுவிட்டால் அரைமணி வேலை அரைநாள் வேலையாகிவிடும்.

அடுத்து வருவது அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் கட்டம். லீவரை மூன்றாம் கியருக்குத் தள்ளி, முன்பக்கமாக மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன் ஸ்டாப் போல்ட்டை லீவரில் படும்வரை உள்ளே திருகி, பட்டதும் தாளில் சொன்னபடி கொஞ்சம் பின்வாங்கி, லாக் நட்டை இறுக்க வேண்டும். நான்காம் கியரில் பின் போல்ட்டுக்கும் இதே வேலை. பிறகு ஒன்று, இரண்டு, ஐந்து, ரிவர்ஸ் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பது அவசியம். எல்லாக் கியரும் துல்லியமாக ஒரே தூரத்தில் பூட்டுவதில்லை. அதிகத் தூரம் கேட்கும் கியருக்கு ஏற்பத்தான் போல்ட் நிற்க வேண்டும். நெருக்கி வைத்துவிட்டால் வளையம் அரைகுறையாகப் பூட்டும். மேடு ஏறும்போதோ ஆக்சிலரேட்டரை விடும்போதோ கியர் தானாக நியூட்ரலுக்குக் குதிக்கும். பூட்டும் பற்களின் முனை மழுங்கும். இப்படித் தவறாக வைத்த ஸ்டாப், ஸ்டாப்பே இல்லாததைவிட மோசம். தள்ளி வைத்தாலோ, போல்ட் இருந்தும் பயனில்லை.

உறைகளைத் திரும்பப் பூட்டும்போது கீழ் ரப்பர் உறையை வேண்டாமென்று விட்டுவிடுபவர்கள் உண்டு. சாலைச் சத்தமும், வெக்கையும், எக்ஸாஸ்ட் புகையும் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். பழைய குமிழின் மறை புது லீவருக்குப் பொருந்தாமல் போகலாம்; வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் ஓட்டத்தில் இரண்டு மாற்றங்கள் தெரியும். கியர்கள் ‘டக்’கென்று விழும், அதோடு, இதுவரை கேட்காத முனகலும் லீவரில் ஒரு நடுக்கமும் வரும். ரப்பர் போன பிறகு அது இயல்பு; கோளாறல்ல. கியர் வாய்களுக்கு (லீவர் போய் நிற்கும் பாதைகளுக்கு) நடுவே உள்ள இடைவெளி குறைந்துவிட்டதால் கை புதிதாகப் பழக வேண்டும். ஐந்திலிருந்து நான்குக்கு இறக்குவதாக நினைத்து இரண்டில் போட்டுவிட்டால், சக்கரங்களே எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிவிடும். எஞ்சின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் கருவி எதுவும் அதைத் தடுக்காது. லீவரை மூன்று-நான்கு வாய்க்குத் தானாகக் கொண்டுவரும் வலுவான நடு ஸ்பிரிங் உள்ள ஷிஃப்டரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நான்கு போல்ட்டுகளையும் லாக் நட்டுகளையும் ஒருமுறை சரிபார்ப்பது வழக்கம்.

2011 முதல் மஸ்டாங்கில் வந்த கெட்ராக் எம்.டி.-82 ஆறு கியர் பெட்டியில் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே ஷிஃப்டர் பெட்டியின் தலையில் உட்காரவில்லை. பின்னால் தள்ளி, ஒரு பக்கம் பெட்டியோடும் மறுபக்கம் ரப்பர் புஷ் வழியாக காரின் உடலோடும் பிணைந்திருக்கிறது. முழு வேகத்தில் எஞ்சினும் பெட்டியும் தங்கள் ரப்பர் தாங்கிகளில் முறுக்கிக்கொள்ளும்போது, உடலோடு பிணைந்த ஷிஃப்டர் அதே அளவு நகராது. கை நேராகத் தள்ளினாலும் கியர் வாய் தள்ளி நிற்கும். அதனால் எம்.ஜி.டபிள்யூ. போன்ற தயாரிப்பாளர்கள், உடலோடு உள்ள பிணைப்பை அறுத்து, முழுக்கப் பெட்டியோடு மட்டும் பூட்டும் ஷிஃப்டர்களைச் செய்தார்கள். இதைப் பொருத்தக் காரைத் தூக்கி அடியில் போய் வேலை செய்ய வேண்டும். வீட்டு வாசலில் முடிகிற காரியமல்ல.

புதிய கார் என்றால் வாரண்டி பற்றிய கேள்வியும் வரும். அமெரிக்காவில் 1975-ல் வந்த மாக்னுசன்-மாஸ் சட்டத்தின்படி, வெளிப் பாகம் பொருத்தியதை மட்டும் காரணம் காட்டிக் கம்பெனி மொத்த வாரண்டியையும் மறுக்க முடியாது. பழுதுக்கு அந்தப் பாகம்தான் காரணம் என்று காட்ட வேண்டும். ஏர் கண்டிஷனர் பழுதானால் ஷிஃப்டர்மேல் பழி போட முடியாது. ஆனால் ஃபோர்க் வளைந்திருந்து, ஸ்டாப் போல்ட்டும் தாறுமாறாக நின்றால், காரணத்தைக் காட்டுவது கம்பெனிக்குச் சிரமமாக இருக்காது.