குருவிக்கு நொய்; வல்லூறுக்கு விருந்து!

கொல்லையில் ஒரு பிடி நொய் இறைத்தால் என்ன ஆகும்? முதலில் காகம் வரும். பிறகு சிட்டுக்குருவி, மைனா, தவிட்டுக்குருவி, அணில் என்று ஒரு கூட்டமே கூடிவிடும். சில நாள் கழித்து, அழைக்காத விருந்தாளி ஒன்றும் வந்து சேரலாம். அதுதான் வல்லூறு!

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் போன்ற ஊர்களுக்குப் பறவைக்குத் தீனி வைப்பது புதிதல்ல. காகத்துக்குச் சோறு வைத்த பிறகே இலையில் உட்காருபவர்கள் உண்டு. அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி, குருவி கொத்தித் தின்ன வீட்டு முகப்பில் தொங்கவிடுவதும் தமிழ்நாட்டுப் பழக்கமே. நல்ல காரியந்தான். ஆனால், இரை கூடும் இடம் வேட்டைக்காரனுக்குத் தெரியாமல் போகுமா?

ஏரியிலும் இதே கதை

இதே மாவட்டத்தில் இருக்கிறது கரைவெட்டி ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் உலகப் புகழ் பெற்ற ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. குளிர்காலத்தில் அங்கே வாத்துகள் கூட்டங் கூட்டமாக இறங்குகின்றன. அவற்றின் பின்னாலேயே பூனைப்பருந்தும் வந்துவிடுகிறது. ஏரிக்குப் பூனைப்பருந்து என்றால், கொல்லைக்கு வல்லூறு!

கடல் கடந்த நாட்டிலும் இப்படித்தான். அமெரிக்காவின் சிகாகோ நகரில், வீட்டுத் தோட்டங்களில் தீனித் தட்டு வைப்பவர்கள் 1996 முதல் 2016 வரை எழுதி வைத்த கணக்கை ஆராய்ந்தார்கள். வல்லூறின் இனத்தைச் சேர்ந்த பறவைகள் நகருக்குள் பெருகியிருந்தன. அவை அங்கே நிலைத்துத் தங்க, மரங்களைவிட இரைப் பறவைகளே முக்கியக் காரணம் என்று 2018-ல் வெளியான அந்த ஆராய்ச்சி கூறியது.

மறைந்திருந்து பாயும்

வல்லூறு ஏறத்தாழப் புறா அளவுதான். முதுகு சாம்பல் நிறம். மார்பில் செம்பழுப்பு வரிகள். இலை அடர்ந்த மரத்தில் ஓசையின்றி உட்கார்ந்திருந்து, அம்புபோல் பாயும். குருவி மட்டுமல்ல, ஓணான், எலி, தவளை, வெட்டுக்கிளி எல்லாமே அதற்கு ஆகாரம். வயலுக்குக் கேடு செய்பவற்றையும் அது தின்கிறது என்பதை மறக்கலாகாது.

நாம் செய்ய வேண்டியது

கண்ணெதிரே ஒரு குருவி பறிபோனால் மனம் பதறத்தான் செய்யும். அதற்காக உண்டிவில்லை எடுக்கலாமா? கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வல்லூறைக் கொல்வது குற்றம். அதுவும் தன் குஞ்சுக்காகவே இரை தேடுகிறது.

வழி வேறு இருக்கிறது. வெட்டவெளியில் தீனி வைக்காதீர்கள். பத்தடி தூரத்தில் மருதாணி வேலியோ, காகிதப்பூப் புதரோ இருந்தால் குருவிகள் நொடியில் புகுந்துகொள்ளும். ஒரே இடத்தில் குவிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று இடங்களில் இறையுங்கள். வல்லூறு தினமும் வரத் தொடங்கினால், இரண்டு வாரம் தீனியை நிறுத்துங்கள். குருவிகள் கலைந்து வேறிடம் மேயும். வல்லூறும் வேறு மரம் தேடும். கோழிக்குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.

இரை இல்லாத ஊரில் வல்லூறு தங்காது. அது உங்கள் கொல்லைக்கு வருகிறது என்றால், அங்கே இன்னும் குருவிகள் வாழ்கின்றன என்று பொருள். குருவிக்கு ஒளிய இடம் கொடுப்போம். வல்லூறுக்கு உயிர்ப்பிச்சை கொடுப்போம்!