டேங்கை விளிம்பு வரை நிரப்பாதீங்க: ஒரு சின்ன கணக்கு

போன ஏப்ரல்ல ஒருநாள், ஊருக்குக் கிளம்பலாம்னு விடியற்காலையிலேயே பங்க்குக்குப் போய் பைக் டேங்கை விளிம்பு வரை நிரப்பினேன். "காலையில போட்டா பெட்ரோல் கூடுதலா கிடைக்கும்டா" என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். பயணம் தள்ளிப்போனது. வண்டி வாசலில், வெயிலில். மதியம் பார்த்தால் மூடியைச் சுற்றி ஈரம், பெட்ரோல் வாடை. பக்கத்திலேயே ஒருவர் பீடி பற்றவைக்கப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன்.

டேங்கில் ஓட்டை இல்லை. பிறகு என்ன நடந்தது? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

டேங்க் 12 லிட்டர். வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 47 டிகிரிக்கு ஏறியது என்று வைத்துக்கொள்வோம்.

திடப்பொருள்: இரும்புத் தகட்டால் ஆன டேங்கும் விரியும். ஆனால் அதன் கொள்ளளவு கூடுவது வெறும் 9 மில்லி அளவுக்குத்தான்.

திரவம்: பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக விரியும். 20 டிகிரிக்கு சுமார் 230 மில்லி. ஒரு பெரிய டம்ளர்! டேங்க் தந்த இடமோ 9 மில்லி. மீதி எங்கே போகும்? மூடியில் இருக்கும் காற்றுத் துளை வழியாகத்தான்.

வாயு: அதே டேங்கில் வெறும் காற்று இருந்தால், அழுத்தம் மாறாதபோது 800 மில்லி விரியும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? சூடு ஏறினால் அணுக்களும் மூலக்கூறுகளும் வேகமாக ஆடும். திடப்பொருளில் அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் கொஞ்சம்தான் விலக முடியும். திரவத்தில் பிடி தளர்வு. வாயுவில் பிடியே கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் இரும்பும் செம்பும் வேறுவேறு அளவில் விரிய, வாயுக்கள் மட்டும் எதுவானாலும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிகின்றன: 0 டிகிரியில் இருக்கும் கன அளவில், டிகிரிக்கு 273-ல் ஒரு பங்கு.

சரி, அப்பா சொன்னது? குளிர்ந்த பெட்ரோல் அடர்த்தியானது என்பது உண்மைதான். ஆனால் பங்க்கில் பெட்ரோல் இருப்பது பூமிக்கு அடியில். அங்கே இரவுக்கும் பகலுக்கும் வெப்பநிலை பெரிதாக மாறாது. ஒரு டிகிரி மாறினாலும் லிட்டருக்கு ஒரு மில்லிகூட வித்தியாசம் வராது.

அந்த ஒரு மில்லிக்கு ஆசைப்பட்டுத்தான் டம்ளர் பெட்ரோலைத் தெருவில் விட்டேன். இப்போதெல்லாம் டேங்கின் கழுத்துக்குக் கீழேயே நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கும் காலி இடம் வீண் இல்லைங்க. அது பெட்ரோல் விரிவதற்கான இடம்.