சி மொழியில் சீரமைந்த நினைவக ஒதுக்கீடு

சீரமைந்த நினைவக ஒதுக்கீடு என்பது, 16, 32, 64 போன்ற ஓர் எண்ணின் மடங்கான முகவரியில் தொடங்கும் நினைவகப் பகுதியை ஒரு நிரல் கேட்டுப் பெறுவதாகும். சி மொழியில் இதற்கான செயற்கூறுகள் இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடுகின்றன.

சாதாரண மாலாக், 64-பிட் லினக்சில் 16-இன் மடங்கான முகவரியையே தருகிறது. பெரும்பாலான நிரல்களுக்கு அது போதும். இன்டெல்லின் ஏவிஎக்ஸ் கட்டளைகளில் சில 32-இன் மடங்கைக் கேட்கும். இல்லாவிட்டால் நிரல் அங்கேயே முறிந்துவிடும். ரிஸ்க்-வி கட்டமைப்பில் (சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் இதைச் சார்ந்தவை) சீரமையாத அணுகலை வன்பொருளே சமாளிக்கலாம், பிழை எழுப்பவும் செய்யலாம். ஆகவே மேசைக் கணினியில் ஓடிய நிரல் இன்னொரு செயலியிலும் ஓடும் என்பதற்கு உறுதியில்லை.

செயற்கூறுகளும் சிக்கல்களும்

பழைய மெம்அலைன் எந்தத் தரத்திலும் இடம்பெறவில்லை. அது தந்த நினைவகத்தைச் சில பழைய அமைப்புகளில் ஃப்ரீ கொண்டு விடுவிக்கவே இயலாது. போசிக்ஸ்_மெம்அலைன் பிழை எண்ணைத் தானே திருப்பித் தருகிறது. எர்நோவைப் பார்த்துக் காத்திருப்பவர் ஏமாறுவார். 2011-இல் வந்த சி11 தரத்தின் அலைன்ட்_அல்லாக், கேட்கும் அளவும் சீரமைப்பு எண்ணின் மடங்காக இருக்க வேண்டும் என்றது. அந்த விதி பின்னர் தளர்த்தப்பட்டது. மைக்ரோசாஃப்ட்டின் சி நூலகத்தில் இச்செயற்கூறு இல்லை. அங்கு _அலைன்ட்_மாலாக் கொண்டு பெற்றதை _அலைன்ட்_ஃப்ரீ கொண்டே விடுவிக்க வேண்டும்.

உண்மையில் தொல்லை பெறுவதில் அன்று, விடுவிப்பதில்தான். செயற்கூறு இருக்கிறதா என்று நிறுவும்போது சோதிப்பது இதைக் கண்டுபிடிக்காது. தவறான முறையில் விடுவித்தால் குவியல் சிதையும், முறிவோ வெகு நேரம் கழித்து வேறோர் இடத்தில் தெரியும்.

கையாளும் முறை

நிரல் தனக்கென ஒதுக்கும் செயற்கூறு ஒன்றும் விடுவிக்கும் செயற்கூறு ஒன்றும் எழுதி, எங்கும் அவற்றையே பயன்படுத்தலாம். உள்ளே மாலாக்கிடம் சற்றுக் கூடுதலாகக் கேட்டால் போதும். 64-இன் மடங்கில் 100 பைட்டு வேண்டுமெனில் 100 + 63 + 8 = 171 பைட்டு கேட்கலாம்; 8 என்பது 64-பிட் கணினியில் ஒரு சுட்டியின் அளவு. கிடைத்த முகவரி 1008 எனில், 8 கூட்டி 1016, அதை மேல்நோக்கி முழுமையாக்கினால் 1024. அதற்குச் சற்று முன்னுள்ள 1016-இல் மூல முகவரியான 1008-ஐ எழுதி வைக்க வேண்டும். விடுவிக்கும் செயற்கூறு அதைப் படித்து ஃப்ரீயிடம் கொடுக்கும்.

கூட்டலின் விளைவு எண் வரம்பைத் தாண்டுகிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். தாண்டினால் சிறு துண்டு நினைவகம் பெரியதெனத் தரப்பட்டு, பாதுகாப்பு ஓட்டையாகும். ரீஅலாக்கை இத்தகைய நினைவகத்தின்மேல் பயன்படுத்தக் கூடாது. புதிதாக ஒதுக்கி, நகலெடுத்து, பழையதை விடுவிப்பதே வழி.